ஆவியில் எது அதிகம்? மொத்த அமுக்கம் தேடாமலே கண்டுபிடிக்கலாம்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இலட்சியக் கலவைக் கணக்கு (இரவோற்றின் விதிக்கு அமையும் திரவக் கலவை) வந்தால் பலர் திரவத்தின் மூல் பின்னத்தையே, அதாவது மொத்த மூல்களில் ஒரு கூறின் பங்கையே, ஆவிக்கும் எழுதிவிடுகிறார்கள். நேற்றுத் திருத்திய கொப்பியிலும் சம மூல் கலவையின் ஆவிக்கு அதே 0.5! மனம் பொறுக்கவில்லை.

கலவையில் ஒரு கூறின் ஆவியமுக்கம், திரவத்தில் அதன் மூல் பின்னத்தைத் தூய நிலையில் அதன் ஆவியமுக்கத்தால் பெருக்கியதற்குச் சமம் என்பதே இரவோற்றின் விதி. அதை விகிதமாகப் பிடியுங்கள். திரவத்திலுள்ள மூல் விகிதத்தைத் தூய ஆவியமுக்கங்களின் விகிதத்தால் பெருக்கினால் ஆவியின் மூல் விகிதம் கிடைத்துவிடும். 25 பாகை செல்சியசில் பென்சீனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 95 மில்லிமீற்றர் இரசம், தொலுயீனுக்கு 28. விகிதம் 3.4. சம மூல் கலவையானால் ஆவியில் பென்சீன் 3.4 பங்கு, தொலுயீன் 1 பங்கு; பென்சீனின் மூல் பின்னம் 3.4 ÷ 4.4, அதாவது 0.77.

இப்போது பென்சீன் 1 மூல், தொலுயீன் 3 மூல் என்று வையுங்கள். 3.4ஐ 3ஆல் வகுத்தால் 1.13, பின்னம் 1.13 ÷ 2.13 = 0.53. திரவத்தில் கால்வாசியே இருந்த பென்சீன் ஆவியில் பாதியைத் தாண்டிவிட்டது, எவ்வளவு அழகு பாருங்கள்! காய்ச்சி வடிப்பு நடப்பதே இதனால்தான்.

எளிதில் ஆவியாகும் கூறின் பின்னம் ஆவியில் திரவத்திலுள்ளதைவிடக் குறைந்து வந்தால், விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். கிராமில் தந்திருந்தால் முதலில் ஒரு மூலின் நிறையால் வகுத்து மூலுக்கு மாற்றுங்கள்: பென்சீனுக்கு 78 கிராம், தொலுயீனுக்கு 92 கிராம்.