பட்டுக் கரைசலைக் குலுக்காதீர்கள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், நாலு நாள் பாடுபட்டு எடுத்த ஃபைப்ராயின் (பட்டு நூலின் முக்கியப் புரதம்) கரைசலை இருமல் மருந்து மாதிரி நன்றாகக் குலுக்கிவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பட்டுக்கூட்டிலிருந்து காயத்துக்கான படலமோ முகத்துக்கான ஜெல்லோ செய்ய வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள், நானும் செய்தவன்தான். கையுறை, சுத்தம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். குலுக்குவதோடு சேர்த்து, பலரும் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பசையை அரைகுறையாக எடுப்பது

கூட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசை. தோலில் ஈரப்பதம் காப்பதால் கிரீம்களில் சேர்க்கிறார்கள், ஆனால் காயத்துக்கான படலத்தில் ஃபைப்ராயினோடு அது ஒட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வாமை வரலாம். 0.02 மோலார் செறிவுள்ள சோடியம் கார்பனேட் கரைசலில் 30 நிமிடம் கொதிக்கவிட்டு, அலசி, காயவைத்து எடை போடுங்கள். 5 கிராம் கூடு சுமார் 3.6 கிராமுக்கு இறங்க வேண்டும். இன்னும் சுத்தமாகட்டும் என்று ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் புரதச் சங்கிலிகள் அறுந்து, படலம் நொறுங்கும்.

குலுக்குவது

பசை எடுத்த பட்டை 9.3 மோலார் லித்தியம் புரோமைடு உப்புக் கரைசலில், 60 டிகிரியில் நாலு மணி நேரம் கரைத்து, அப்புறம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வு வழியாகத் தண்ணீருக்குள் கசியவிட்டு, உப்பை வெளியேற்றிய பிறகு கையில் இருப்பது எளிதில் கெட்டுப்போகிற திரவம். சங்கிலிகள் அதில் தளர்வாக மிதக்கின்றன. குலுக்கினாலோ வேகமாகக் கலக்கினாலோ அவை இழுபட்டு, வரிசையாக அடுக்கிக்கொண்டு பீட்டா தாள்கள் என்ற கெட்டியான அடுக்குகளாக இறுகிவிடும். புழு தலையை ஆட்டி ஆட்டி நூலை இழுக்கும்போது நடப்பதும் இதேதான், திரவம் இழுபட்டுத்தான் நூலாகிறது. நான் ஒருமுறை காந்தக் கலக்கியில் வேகத்தைக் கூட்டி இரவு முழுக்க ஓடவிட்டுப் போய்விட்டேன். காலையில் பீக்கரைக் கவிழ்த்தால் விழவில்லை, வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி கெட்டியாக நின்றது. தண்ணீர் விட்டாலும் சூடாக்கினாலும் திரும்பாது. அந்த உப்பின் விலை தெரிந்தவர்களுக்கு இது எப்படி வலிக்கும் என்று தெரியும். சுவரோடு சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள், நுரை வரக் கூடாது, 4 டிகிரியில் அசையாமல் வையுங்கள். ஜெல்தான் வேண்டுமென்றால் வேண்டுமென்றே அதிரவைத்து எடுக்கலாம், அது வேறு விஷயம்.

உப்புக் கரைசலில் பட்டைப் போடுவது

பட்டின் மேல்தான் லித்தியம் புரோமைடு கரைசலை ஊற்ற வேண்டும்.

பட்டுப் பெப்டைடு பொடி வாங்குவது

அழகுப் பொருளுக்குச் சரி. சங்கிலிகள் துண்டு துண்டானவை, படலம் வராது.

காய்ந்த படலத்தை அப்படியே நனைப்பது

கரைந்துவிடும். முதலில் மெத்தனாலில் முக்கி எடுங்கள், அது முழுக்க ஆவியான பிறகு மற்ற வேலை.