கையா நட்சத்திரங்கள் இணை கிடைக்காமல் நழுவியது ஏன்? – என் அனுபவம்

முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கான அகச்சிவப்பு வழிகாட்டி நட்சத்திர அட்டவணை வேலை. கணித்த ஜே பட்டை (அகச்சிவப்பின் ஓர் அலைநீளப் பகுதி) ஒளிர்வைச் சரிபார்க்க, கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டில் (டிஆர்3) உள்ள நட்சத்திரங்களை, டூமாஸ் என்ற அகச்சிவப்பு வானக் கணக்கெடுப்பின் தரவோடு பொருத்தினேன். வேகமாக நகரும் நட்சத்திரங்கள் பலவற்றுக்கு மட்டும் இணை கிடைக்கவில்லை. காற்றுமண்டலக் கலக்கத்தைத் திருத்தும் அடாப்டிவ் ஆப்டிக்ஸ், வழிகாட்டி நட்சத்திரம் தேடும் புலமே 2 ஆர்க்மினிட் (ஆர்க்மினிட் என்பது பாகையில் 60-இல் ஒரு பங்கு) விட்டம்தான். அதில் ஒன்று தவறினாலும் நஷ்டம்.

தேடல் வட்டத்தைப் பெரிதாக்கினேன். பக்கத்து நட்சத்திரங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. நட்சத்திர நிலைகள் எந்த ஆண்டுக்கானவை என்ற காலக்கணக்கைப் பார்த்தேன்: கையா 2016.0, டூமாஸ் 1997–2001. அதில் கோளாறு இல்லை.

எஞ்சிய பிழையை வானப் பகுதிவாரியாக வரைந்ததும்தான் பிடிபட்டது. வான நடுவரை (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) அருகே பிழையே இல்லை. வடக்கே போகப் போக வளர்கிறது, அதுவும் கிழக்கு–மேற்காக மட்டும்!

கையாவின் பிஎம்ஆர்ஏ (ஆண்டுக்கான கிழக்கு–மேற்கு நகர்வு) நெடுவரிசையில் நடுவரை விலக்கத்தின் (வான நடுவரையிலிருந்து உள்ள கோணத் தூரம்) கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கும். எங்களிடம் வந்து சேர்ந்த பழைய ஸ்கிரிப்ட் அதை அப்படியே வல ஏற்றத்தில் (வானத்தின் கிழக்கு–மேற்கு ஆயத்தொலை) சேர்த்திருந்தது. துருவத்தை நோக்கி வல ஏற்றக் கோடுகள் நெருங்குவதால், 60 பாகையில் பாதி நகர்வுதான் கணக்கில் வரும்: ஆண்டுக்கு 1 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் 60-இல் ஒரு பங்கு) கிழக்கே நகரும் நட்சத்திரம், 16 ஆண்டுக்கு 8 ஆர்க்செகண்ட் தள்ளி நிற்கும்.

கொசைனால் வகுத்தேன். இணைகள் வந்துவிட்டன, அப்பாடா! துருவத்தை ஒட்டி மட்டும் இந்த நேர்க்கோட்டுக் கணக்கு போதாது. அங்கே ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நிரலகத்தின் அப்ளை ஸ்பேஸ் மோஷன் செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள்.