ஹோஸ்டிங் கஸ்டமருக்கு நாமளே மெயில் குடுக்கறது எப்படி: போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பேம்டி

அம்பத்தூர் எஸ்டேட்ல பட்டறை வெச்சிருக்கறவருக்கு வெப்சைட் போட்டுக் குடுத்தா அடுத்த கேள்வி "எங்க கம்பெனி பேர்ல பத்து மெயில் ஐடி வேணுமே"ன்னுதான் வரும். ஆளுக்கு மாசா மாசம் இவ்வளவுன்னு சொன்னா முகம் மாறிடும். அதனால ஓப்பன் சோர்ஸ்ல நாமளே குடுக்கலாம், சாஃப்ட்வேர் எல்லாம் ஃப்ரீ. ஆனா கஸ்டமர் ஏற ஏற முதல்ல பத்தாம போறது டிஸ்க் இல்லங்க, உங்க சர்வர் ஐபியோட நல்ல பேரு, அது கெட்டா அனுப்பற மெயில் எல்லாம் ஸ்பேம்ல விழும். கீழ உள்ள எல்லா ஸ்டெப்பும் அதச் சுத்திதான். டொமைன், எம்எக்ஸ் ரெக்கார்டு எல்லாம் தெரியும்னு வெச்சுக்கறேன்.

ஸ்டெப் 1: எத போடறது

நூறு இருநூறு மெயில்பாக்ஸ்னா மெயில்கவ் (எல்லாம் ஒண்ணா சேந்து வர்ற மெயில் சர்வர் பேக்கேஜ்) போதும், டாக்கர்ல (சாஃப்ட்வேர டப்பா டப்பாவா ஓட்டற முறை) ஏறிடும், 6 ஜிபி ராமுக்குக் கம்மியா ட்ரை பண்ணாதீங்க. ஜிம்ப்ரா பழக்கம்னு அதயே தேடறவங்க இன்னும் இருக்காங்க, அதோட ஃப்ரீ 8.8.15-க்கு 2023 கடைசியோட சப்போர்ட் முடிஞ்சாச்சு, புதுசா ஆரம்பிக்கறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. பெருசா வளரணும்னா என் ஓட்டு தனித்தனியா போடற போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில அனுப்பறது, வாங்கறது), டவ்காட் (மெயில்பாக்ஸப் பாத்துக்கறது), ஆர்ஸ்பேம்டி (ஸ்பேம வடிகட்டறது) மூணுக்குத்தான். வெப்மெயிலுக்கு ரவுண்ட்க்யூப். காலண்டர் கேட்டா மட்டும் சோகோ (SOGo, நம்ம ஊர் Zoho இல்ல), கேக்காத ஆளுக்கு அதக் காட்டாதீங்க, அப்புறம் சப்போர்ட் கால் ஓயாது.

ஸ்டெப் 2: பிரிச்சு வைங்க

வெப்சைட் ஓடற சர்வர்லயே மெயில் வேண்டவே வேண்டாம். எவனோ ஒருத்தன் பழைய வேர்ட்பிரஸ் வழியா பூந்து ஸ்பேம் அனுப்புவான், மத்த எல்லா கஸ்டமர் மெயிலும் சேந்து அடி வாங்கும். உள்ள வர்றதுக்கு ஒண்ணு, வெளிய போறதுக்கு ஒண்ணு, மெயில்பாக்ஸ் இருக்க ஒண்ணுன்னு மூணு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) போதும். முன்னாடி டவ்காட் ப்ராக்ஸி ஒண்ணு வைங்க. மரியாடிபி டேட்டாபேஸ்ல யூசர் டேபிள்ல "இவர் மெயில் எந்த சர்வர்ல இருக்கு"ன்னு ஒரு காலம் (column) சேத்துட்டா ப்ராக்ஸி அதப் பாத்து அனுப்பிடும். நாளைக்கு டிஸ்க் ரொம்பினா இன்னொரு சர்வர் சேத்து பாதி பேர அங்க நகத்தலாம், கஸ்டமர் ஃபோன்ல ஒரு செட்டிங்கும் மாறாது. பழைய இடத்துலேந்து மெயில இழுக்க இமாப்சிங்க்.

ஸ்டெப் 3: ஐபி, பிடிஆர்

பிடிஆர் ரெக்கார்ட (ஐபிலேந்து சர்வர் பேரக் காட்டறது) உங்க டிஎன்எஸ் பேனல்ல தேடாதீங்க, ஐபி குடுத்தவங்கதான் போடணும். மெயில் சர்வர்கள் ஒண்ணுக்கொண்ணு பேசற போர்ட் 25 வெளிய திறந்திருக்கான்னும் முதல்லயே கேட்டுருங்க, நிறைய கிளவுட்ல மூடித்தான் வெச்சிருப்பாங்க.

ஸ்டெப் 4: ரிசால்வர், இங்கதான் மண்டை காயும்

ரிசால்வர்னா டிஎன்எஸ்ல பதில் தேடிக் குடுக்கறது. ஸ்பேம் தடுக்க ஸ்பாம்ஹாஸ் லிஸ்ட (ஸ்பேம் அனுப்பற ஐபிகளோட பட்டியல், டிஎன்எஸ் வழியாத்தான் கேக்கணும்) போஸ்ட்ஃபிக்ஸ்ல சேக்கறது எல்லா கைடுலயும் இருக்கும். சர்வர்ல டிஎன்எஸ் 8.8.8.8-ன்னு (கூகுளோட பொது ரிசால்வர்) இருந்தா என்ன ஆகும்னுதான் அதிகம் பேர் எழுதல. பொது ரிசால்வர் வழியா கேட்டா ஸ்பாம்ஹாஸ் பதில் சொல்லாது, 127.255.255.254-ன்னு ஒரு எரர் கோட் அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது எரர்னு தெரியாது, ஏதோ பதில் வந்துச்சு அப்போ இவன் ஸ்பேமர்னு நெனச்சு வர்ற மெயில் அத்தனையும் திருப்பி அனுப்பிடும். கஸ்டமருக்கு மெயிலே வராது, அனுப்பறது மட்டும் நல்லாப் போகும், நீங்க ஃபயர்வால நோண்டிட்டு இருப்பீங்க.

அன்பவுண்ட்னு சொந்த ரிசால்வர் ஒண்ணு போட்டு, சர்வர் தன்னையே கேக்கற மாதிரி /etc/resolv.conf ஃபைல்ல 127.0.0.1 குடுங்க. உபுண்டுல சிஸ்டம்டி ரிசால்வ்டு அந்த ஃபைல திரும்ப மாத்திடும், அத நிறுத்திட்டு அப்புறம் எழுதுங்க. இதுக்கு மேல இன்னொண்ணு, டெபியன் வகையில போஸ்ட்ஃபிக்ஸ் அந்த ஃபைலோட காப்பி ஒண்ண தன் கூண்டுக்குள்ள (chroot) வெச்சிருக்கும், ரீஸ்டார்ட் பண்ணாதான் புதுச எடுக்கும். லிஸ்ட் பேருக்குப் பின்னாடி 127.0.0.2-லேந்து 127.0.0.11 வரைக்கும் பதில் வந்தா மட்டும் மறுன்னும் குடுத்துடுங்க. ஃப்ரீ சர்வீஸ் சின்ன, வியாபாரம் இல்லாத உபயோகத்துக்குத்தான், நாம காசு வாங்கறவங்க, அவங்க விதிமுறையப் படிச்சு கீ வாங்கிக்கங்க.

ஸ்டெப் 5: வெளிய போற மெயிலுக்குக் கடிவாளம்

எஸ்பிஎஃப் (எந்த ஐபி அனுப்பலாம்னு சொல்றது), டிகிம் (மெயில்ல போடற டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இதுல தேறாத மெயில என்ன பண்ணணும்னு சொல்றது) மூணும் எல்லா டொமைனுக்கும் கட்டாயம். 2024 பிப்ரவரிலேந்து ஜிமெயில், யாஹூ ரெண்டுமே மொத்தமா அனுப்பறவங்ககிட்ட இத கேக்கறாங்க, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தத் தொடக்கூடாது. ஆர்ஸ்பேம்டில லாகின் பண்ண யூசருக்கு இத்தனதான்னு ரேட் லிமிட் போடுங்க. பாஸ்வேர்ட் "சென்னை123"ன்னு வெச்சிருக்கற ஒருத்தர் எப்பவும் இருப்பார். மாசக் கடைசில சம்பள ஸ்லிப் அனுப்பற கம்பெனி, சர்க்குலர் அனுப்பற ஸ்கூல் இதுக்கெல்லாம் மட்டும் லிமிட்ட ஏத்துங்க, புது கஸ்டமர வேற ஐபில விடுங்க.

அப்டேட்: "எல்லா மெயிலும் என் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் ஆகணும்"னு ஓனர் கேக்கறாரேன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. ஒத்துக்காதீங்க. அவருக்கு வர்ற ஸ்பேமும் உங்க ஐபிலேந்து போற மாதிரி ஆயிடும், எஸ்பிஎஃபும் உடையும். ஃபோன்ல இருக்கற ஜிமெயில் ஆப்லயே இமாப் (மெயில சர்வர்ல வெச்சே படிக்கற முறை) அக்கவுண்டா சேத்துக் குடுங்க, போதும். விடவே மாட்டேங்கறார்னா போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி (அனுப்பறவர் முகவரிய மாத்தி எழுதி எஸ்பிஎஃப் உடையாமப் பாத்துக்கறது) போட்டுட்டு, ஸ்பேம்னு குறிச்சதத் தவிர மத்தத மட்டும் அனுப்புங்க.

இன்னொரு அப்டேட்: 2048 பிட் டிகிம் கீ டிஎன்எஸ்ல ஏறலன்னா காரணம் ஒரு ஸ்ட்ரிங்குக்கு 255 எழுத்துதான். மேற்கோள் குறி போட்டு ரெண்டா உடைச்சுக் குடுங்க, நடுவுல கீக்குள்ள ஸ்பேஸ் விழாமப் பாத்துக்கங்க. டவ்காட் 2.3 கான்ஃபிக் 2.4-ல அப்படியே ஓடாது, ராத்திரி அவசரத்துல அப்கிரேட் பண்ணாதீங்க.