பாவ அறிக்கை செய்வது எப்படி: அறையிலும் ஆலயத்திலும் அண்ணன் வீட்டு முற்றத்திலும்

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் திருவிருந்து ஆராதனை நடக்கும்போது, சபையார் எல்லாரும் முழங்காலில் நின்று ஒரே குரலில் பாவ அறிக்கை ஜெபத்தைச் சொல்வார்கள். அது முடிந்ததும் ஐயர் என்று நாங்கள் அழைக்கும் போதகர் எழுந்து பாவமன்னிப்பைக் கூறுவார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தப் பொது ஜெபத்துக்குள் ஒருவர் தம் சொந்தப் பாவத்தை வைத்துச் சொல்லவும் முடியும், அதே சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒளிந்திருந்தவன் என்ற முறையில், ஒளியாமல் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த வழியை எழுதுகிறேன்.

ஆயத்தத்தைச் சனிக்கிழமை இரவே தொடங்கிவிட வேண்டும். வேதாகமத்தில் 51-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்த பின், ஒரு தாளை எடுத்து, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைத்து, செய்ததை அதன் பெயரோடு எழுதுங்கள். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விற்பவர் ஒருவர் 'நான் உண்மையில்லாதவனாக இருந்தேன்' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். 'சீனி கலந்த சரக்கைச் சுத்தக் கருப்பட்டி என்று சொல்லி இரண்டு சீசன் விற்றேன்' என்று எழுதினால்தான் அது அவருடைய பாவம். மனைவி தூண்டினாள், பங்காளி முதலில் ஏமாற்றினான் என்ற வரிகள் தாளில் வந்தால் அவற்றை அடித்துவிடுங்கள். அவரவர் பாவத்தை அறிக்கையிட அவரவர் இருக்கிறார்கள்.

அடுத்தது மனந்திரும்புதல். இதைப் பலர் அழுகை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், கன்வென்ஷன் பந்தல்களில் கண்ணீரை அளவுகோலாக வைத்துப் பேசுவதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்ற அந்தச் சொல்லுக்கு மனம் மாறுவது என்றுதான் பொருள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே இரவில் தவறினார்கள். மனங்கசந்து அழுத பேதுரு மறுபடி இயேசுவிடம் வந்து சேர்ந்தார், வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பி எறிந்த யூதாசோ யாரிடமும் திரும்பாமல் தனியே போய்ச் செத்தான். தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிப் பிரிப்பது இந்த வேறுபாட்டைத்தான். ஆகவே கண்ணீர் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். நாளைக் காலையில் கடையைத் திறக்கும்போது அந்தக் கலப்புச் சரக்கை என்ன செய்யப்போகிறேன் என்ற கேள்விக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கதவை அடைத்து, எழுதியதை வாய்விட்டுத் தேவனிடம் சொல்லுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையுள்ளவர் என்பது யோவானின் முதல் நிருபம் முதல் அதிகாரத்தில் இருக்கும் வாக்குறுதி. நம் சபைகளில் மன்னிப்புக்கு இதற்கு மேல் ஒரு மனிதரின் இடையீடு தேவை என்று போதிப்பதில்லை. ஆனாலும் பாரம் தாங்காதவர் ஐயரைத் தனியே பார்த்துச் சொல்லி ஜெபிக்கச் சொல்லலாம், அதில் வெட்கமில்லை.

கத்தோலிக்கருக்கு முறை வேறு. பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்று சொல்லும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்களின் பேரவை விதித்தபடி, குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையாவது போக வேண்டும். சாமியாரிடம் முழங்காலிட்டு, கடைசியாகச் செய்து எத்தனை நாளாயிற்று என்பதைச் சொல்லி, சாவான பாவங்களை, அதாவது மனமறிந்து செய்த பெரும் பாவங்களை, அவற்றின் வகையோடும் எத்தனை முறை என்பதோடும் சொல்ல வேண்டும். அவர் தரும் அறிவுரையையும் பாவப்பரிகாரத்தையும் ஏற்று, மனத்துயர் செபம் சொன்னபின் அவர் பாவமன்னிப்பு அளிப்பார். கேட்டதை அவர் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும், வெளியிடக் கூடாது. வெளியிட்டால் திருச்சபைச் சட்டத்தில் அதற்குரிய தண்டனை சபைநீக்கம். ஒரு சின்ன யோசனை: தூத்துக்குடிப் பனிமயமாதா திருவிழாவான ஆகஸ்ட் 5-ஐ ஒட்டியோ, மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவான செப்டம்பர் 14-ஐ ஒட்டியோ வரிசையில் நின்று அவசரமாகச் சொல்வதைவிட, கூட்டமில்லாத ஒரு வார நாளில் போவது நல்லது.

எந்தச் சபையாரானாலும் தப்ப முடியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். அப்பா இறந்து பாகம் பிரிப்பதற்கு முன், பொதுவிளையில் நின்ற இரண்டு பனைகளைக் கைமரத்துக்கு விற்று, அண்ணனிடம் காற்றில் விழுந்ததாகச் சொல்லியிருந்தேன். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் பணத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாலையில் போனேன். அண்ணன் முற்றத்தில் கட்டிலுக்கு நார் பின்னிக்கொண்டிருந்தார். 'ஏதும் தப்பு நடந்திருந்தா மனசுல வச்சுக்கிடாதீங்கண்ணே' என்றுதான் முதலில் வாய் வந்தது. அது அறிக்கையல்ல, 'நடந்திருந்தால்' என்ற சொல்லிலேயே பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாயிற்று. நிறுத்தி, 'ரெண்டு பனையும் விழல, நான்தான் வித்தேன்' என்றேன். அவர் நாரை இழுத்துக் கட்டியபடியே, 'எனக்கு அன்னைக்கே தெரியும்ல. நீ எப்போ சொல்லுவன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்' என்றார். பணத்தை இரண்டுமுறை எண்ணி மடியில் வைத்தார். பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அப்படி நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீ மன்னிக்க மாட்டாயா' என்று நெருக்குவதற்குத் தவறு செய்தவனுக்கு உரிமையில்லை. கருப்பட்டிக்காரரைப் போல யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றே தெரியாதவர்கள் அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். செய்தது சட்டப்படி குற்றமானால், அறிக்கை செய்ததைக் காட்டிக் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் தவிர்க்க நினைக்கக் கூடாது.

அறிக்கையின் வட்டம் பாவத்தின் வட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மனதுக்குள் செய்ததைத் தேவனிடமும், ஒருவருக்குச் செய்ததை அவரிடமும், சபைக்கு முன் செய்ததைச் சபைக்கு முன்னும் சொன்னால் போதும். சாட்சி சொல்கிறேன் என்று மைக்கைப் பிடித்து, இன்னொரு குடும்பத்துப் பெண்ணின் பெயர் சந்திக்கு வரும்படி பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது ஒரு பாவத்தை இரண்டாக்கும் வேலை.

எல்லாம் முடிந்தபின் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுங்கள். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்து உவமையில் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன், 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்வதற்குள் தகப்பன் வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். சில வாரம் கழித்து அதே குற்றவுணர்வு இரவில் வந்து எழுப்பினால், திருப்பிக் கொடுக்காமல் விட்ட பாக்கி ஏதேனும் உண்டா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். இருந்தால் விடிந்ததும் போய்க் கொடுங்கள். இல்லையென்றால் 32-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள், அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை எழுதும் புதுத் தாளில் பழையதை மறுபடி எழுத வேண்டாம்.