ஜிட்டைப் போடுவதற்கு முன் வடிகட்டியை வாசியுங்கள்

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் இணையத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நுழைவாயிலாக இருப்பது லினக்ஸ் ஓடும் பழைய 64 பிட் இன்டெல் கணினி. மே தொடங்கினால் அறைகள் நிறையும். "வைஃபை வேலை செய்யுதில்லை" என்று யாராவது வந்து நின்றால் முதலில் டிசிபிடம்ப்பைத்தான் ஓட்டுவேன், வலையில் போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பிடித்துக் காட்டும் கருவி அது. எந்தப் பாக்கெட்டுகள் வேண்டும் என்று அதற்குச் சொல்வதுதான் வடிகட்டி. அந்த வடிகட்டியை வேகமாக்குவது லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் உள்ள ஜிட்.

டிசிபிடம்ப் கட்டளையில் சின்ன டி (-d) விருப்பத்தைச் சேர்த்து, 'யுடிபி போர்ட் 53' என்று வடிகட்டியைக் கொடுங்கள், தளப் பெயர்களுக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழி அது. பாக்கெட் எதையும் பிடிக்காமல், வடிகட்டியின் பைட்கோடை (கேர்னல் வாசித்து இயக்கும் சிறு கட்டளைகளை) மட்டும் அச்சிடும். முதல் வரி ஈதர்நெட் தலைப்பின் 12ஆம் இடத்திலிருந்து பாக்கெட்டின் வகையைச் சொல்லும் இரண்டு பைட்டை எடுக்கிறது (எண்ணிக்கை 0இல் தொடங்கும்). அடுத்த வரி, இது ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6ஆ என்று கேட்கிறது. எங்கள் விடுதியில் ஐபிவி4 மட்டும்தான். அதனால் முன்னால் 'ஐபி அன்ட்' என்று சேர்த்துவிடுவேன், ஐபிவி6 கிளை முழுவதும் உதிர்ந்துவிடும். உங்களிடம் ஐபிவி6 இருந்தால் இதைச் செய்யாதீர்கள், பாதிக் கேள்விகள் கண்ணில் படாது.

சரி, இனி ஜிட் ('ஜஸ்ட் இன் டைம்' மொழிமாற்றி). 2011இல் எரிக் டுமாசே எழுதி லினக்ஸ் 3.0இல் வந்தது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் பைட்கோடை வாசித்து இயக்குவதற்குப் பதில், வடிகட்டியைப் பொருத்தும்போதே ஒருமுறை இயந்திரக் குறியீடாக மாற்றிவிடும். பெரும்பாலான பாக்கெட்டுகளைத் தள்ளிவிடும் வடிகட்டியில்தான் இதன் லாபம் தெரியும். எல்லாவற்றையும் பிடித்தால் நேரம் போவது பயனர் நிரலுக்குப் பிரதி எடுப்பதில். அதற்கு ஜிட் உதவாது.

/ப்ராக்/சிஸ்/நெட்/கோர் அடைவில் 'பிபிஎஃப்_ஜிட்_எனேபிள்' கோப்பைப் பாருங்கள் (இந்த வடிகட்டிகளை இயக்கும் கேர்னல் பகுதிதான் பிபிஎஃப்). 1 இருந்தால் வேலை முடிந்தது. 0 என்றால் ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) 1 எழுதுங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க, சிஸ்கன்ட்ரோல் அமைப்புக் கோப்பிலும் அதைச் சேருங்கள். சில கேர்னல்களை ஜிட் நிரந்தரமாக இயங்கும்படியே கட்டியிருப்பார்கள். அவற்றில் வேறு எண்ணை எழுதினால் ஏற்காது, சண்டை பிடிக்க வேண்டாம்.

அப்படிக் கட்டாத கேர்னலில் 2 எழுதலாம். உருவான இயந்திரக் குறியீடு கேர்னல் பதிவில் கொட்டும். கேர்னல் மூலத்தின் டூல்ஸ் அடைவிலுள்ள பிபிஎஃப்_ஜிட்_டிஸாஸம் அதை நாம் வாசிக்கக்கூடிய அசெம்பிளியாக்கிக் காட்டும். உண்மையான சேவையில் ஒருபோதும் இதைப் பயன்படுத்தாதே என்று கேர்னலே பதிவில் திட்டும். பார்த்ததும் 1க்குத் திருப்பிவிடுங்கள்.

பக்கத்திலேயே 'பிபிஎஃப்_ஜிட்_ஹார்டன்' இருக்கிறது. வடிகட்டியின் மாறிலிகளுக்குள் தாக்குபவர் குறியீட்டை ஒளித்துவைக்காதபடி அவற்றைக் குழப்பி எழுதும், கொஞ்சம் வேகம் குறையும். 1 என்றால் சாதாரணப் பயனர்களின் நிரல்களுக்கு மட்டும், 2 என்றால் எல்லோருக்கும். என் கணினிக்குள் நான் மட்டுமே நுழைவதால் 0இல் விட்டிருக்கிறேன். பலர் உள்நுழையும் சேவையகம் என்றால் 1 போடுவேன்.