சினை ஊசிக்கு நேரம் பார்ப்பது எப்படி?

பெங்களூரு பாணசவாடியில் மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். என் செவலைப் பசுவுக்கு இரண்டு முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) பலிக்கவில்லை. பருவம் (இணைசேரத் தயாராகும் நிலை) கண்டதும் அவசரப்பட்டு ஊசி போடும் ஆளை அழைத்தேன், தவறியது நேரம்தான்.

பசு சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கத்துவதை மட்டும் நம்பாதீர்கள். விடியலில், பால் கறக்கும் முன், விளக்கடித்து வாலடியைப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கருபோலத் தெளிந்த திரவம் அறுபடாமல் தொங்கும். வால்மயிரில் காய்ந்து பளபளக்கும். இன்னொரு மாடு மேலே தாவும்போது நகராமல் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

காலையில் கண்டால் மாலையில் ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை. அறிகுறிகள் அடங்கி 10–12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிவரும்.

உறைவிந்துக் குச்சி (காளையின் விந்தை அடைத்து உறையவைத்த மெல்லிய குழல்) மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து வருகிறது. அதை உருக்க 37 டிகிரி வெதுவெதுப்பான நீரைத் தயாராக வையுங்கள்; உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்க விடாதீர்கள்.

ஊசி போட்ட தேதியைச் சுவரில் எழுதுங்கள். 18 முதல் 24 நாள்வரை மறுபடி கவனியுங்கள். பருவம் திரும்பாவிட்டால் 60 நாளுக்குப் பிறகு மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்யுங்கள்.