ஊர்க் கட்டடமா? வரைபடத்தைத் தரையில் போடுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஊருக்குப் பொதுக்கூடமோ அங்கன்வாடியோ கட்டப்போகிறீர்களா? காகித வரைபடத்தைக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். குறை சுவர் எழும்பிய பிறகுதான் தெரியும். அஸ்திவாரம் தோண்டுமுன், அதே இடத்தில் அறை, வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் முழு அளவில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். ஊராரைப் பிற்பகல் 3 மணிக்குக் கூப்பிடுங்கள். மேற்கு வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பது அங்கே நின்றாலே புரியும். பெண்களைத் தனியாக ஒருமுறை நடக்கவிடுங்கள். கழிப்பறை வாசல் தெருவைப் பார்த்திருப்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

மழைநீர்த் தொட்டிக்கும் இடம் குறியுங்கள். நிலத்தடி நீரில், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம் உள்ள மாவட்டம் இது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போக ஏறக்குறைய 800 லிட்டர் சேரும்.

மாற்றங்களைக் கிராமசபைத் தீர்மானத்தில் அடிக்கணக்கோடு எழுதவையுங்கள். "ஆலோசனை பெறப்பட்டது" என்று மட்டும் இருந்தால் ஒப்பந்ததாரரிடம் எதையும் கேட்க முடியாது.